மறுமொழி: 'சிதைவுப்பொருள்' மிளகுக்குப் பொருந்துமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

வேதியியல் அகராதிக்குச் சொல் தேடும் நம் உரையாடலில், ஆல்கலாய்டு (தாவரங்களில் காணப்படும் நைட்ரஜன் கொண்ட சேர்மம்) உடைந்து வருகிற எல்லாவற்றையும் 'சிதைவுப்பொருள்' என்று சொல்லிவிடலாம் என்று வந்த கருத்தை என்னால் ஏற்க முடியவில்லை. நமக்கு மிக நெருக்கமான மிளகையே எடுத்துக்கொள்கிறேன்.

மிளகின் காரத்துக்குக் காரணமான ஆல்கலாய்டான பைப்பரினை 1819இல் பிரித்தெடுத்தவர் டென்மார்க்கின் ஏர்ஸ்டெட். மறு ஆண்டே மின்னோட்டம் காந்த ஊசியைத் திருப்புவதைக் கண்டவரும் அவர்தான். இந்தப் பைப்பரினை எத்தனாலில் கரைத்த பொட்டாசியம் ஹைட்ராக்சைடோடு நெடுநேரம் கொதிக்கவிட்டால் நடுவிலுள்ள அமைடு பிணைப்பு (கார்பனையும் நைட்ரஜனையும் இணைப்பது) அறுகிறது. ஒருபக்கம் பைப்பெரிடின், அமோனியாவும் மிளகும் கலந்தாற்போல மூக்கில் ஏறும் நெடி. மறுபக்கம் உப்பாகப் படிகிற பைப்பரிக் அமிலம். அமிலம் சேர்த்ததும் வெளிர்மஞ்சளாகப் பிரிந்து நிற்கும். பைப்பரின் C₁₇H₁₉NO₃. அதோடு ஒரு நீர் மூலக்கூறைக் கூட்டினால் இரண்டு துண்டுகளின் அணுக்கணக்கும் சரியாக வந்துவிடும். அப்புறம் அந்த அமிலத்தைக் குளோரைடாக்கிப் பைப்பெரிடினோடு சேர்த்தால் மறுபடியும் பைப்பரின் கிடைக்கும். சேர்த்தால் பழையபடி ஆகிற ஒன்றைச் சிதைந்தது என்று எப்படிச் சொல்வது?

சன்னலோரக் கண்ணாடிப் புட்டியில் மிளகுத்தூள் காரம் குறைவதைப் பார்த்திருப்பீர்கள். வெளிச்சத்தில் பைப்பரினின் இரட்டைப் பிணைப்புகள் வேறு பக்கம் திரும்பி ஐசோசாவிசின் போன்ற காரமில்லாத வடிவங்கள் உண்டாவது அதற்கு ஒரு காரணம். அணு ஒன்றுகூடக் குறையவில்லை. அதற்கு 'மாற்றியம்' என்ற நல்ல சொல் இருக்கவே இருக்கிறது, இலங்கையில் 'சமபகுதியம்'.

உடைந்து வரும் துண்டுக்கு மாற்றாக வந்த 'பகுபொருள்' என்ற பரிந்துரை காதுக்கு இனிமைதான். ஆனால் இலக்கணத்தில் பகுபதம் என்பது பகுக்கப்படும் சொல். பகுத்து வந்த பகுதி, விகுதி அல்ல. அந்த வழக்குப்படி பகுபொருள் என்றால் பைப்பரினையே குறிக்கும்! மாணவர்கள் நிச்சயம் குழம்புவார்கள்.

ஆகவே நீராற்பகுப்பில், அதாவது மேலே சொன்னதுபோல் நீர் சேர்ந்து பிணைப்பு பிளக்கும்போது, முழுதாகக் கிடைக்கும் துண்டுக்குப் 'பிளவுக்கூறு' என்று சொல்லலாமா? 'பைப்பெரிடின், பைப்பரினின் ஒரு பிளவுக்கூறு.' வாக்கியத்தில் இடறாமல் உட்கார்கிறது.

'சிதைவுப்பொருள்' வேண்டாம் என்று சொல்லவில்லை. பைப்பரிக் அமிலத்தைப் பெர்மாங்கனேட்டால் ஆக்சிஜனேற்றினால் கார்பன் சங்கிலி அறுந்து, வனிலாவை ஒத்த மணமுள்ள பைப்பரோனல் வருகிறது. போன சங்கிலித் துண்டு திரும்பாது. அந்தச் சொல்லை அங்கே வைத்துக்கொள்வோம். பிளவுக்கூறில் குறை தெரிந்தால் சொல்லுங்கள், அகராதிப் பட்டியலில் ஏற்றுமுன் திருத்திவிடலாம்.