கடலடிப் போர்க்கப்பல் சோனார் படம்: நிழல் விளிம்பு வரை ஓடினால் உயரத்தை எப்படிக் கணக்கிடுவது?

கடல்வரைவு:
வணக்கம் நண்பர்களே. ஸ்காட்லாந்தின் ஸ்காப்பா ஃப்ளோ விரிகுடாவில் கிடக்கும் ஜெர்மன் இலகு குரூசர் (நடுத்தரப் போர்க்கப்பல்) கோல்னை மாதிரியாக வைத்து ஒரு சர்வே திட்டம் எழுதுகிறேன். 1919 ஜூன் 21 அன்று ஜெர்மானியர்களே மூழ்கடித்த கப்பல்களில் ஒன்று. வலப்பக்கம் சாய்ந்து சுமார் 35 மீ ஆழத்தில் கிடக்கிறது. மேல்விளிம்பு ஏறத்தாழ 20 மீ ஆழத்தில். சைட் ஸ்கேன் (பக்கவாட்டில் ஒலி அனுப்பிப் படமெடுக்கும் சோனார்) 400 கிலோஹெர்ட்ஸ், ரேஞ்ச் (ஒரு பக்கம் படமாகும் தூரம்) 75 மீ, டோஃபிஷ் (படகு கேபிளில் இழுக்கும் சோனார் கருவி) கடல்தரையிலிருந்து 10 மீ என்று போட்டிருக்கிறேன். இப்படி எடுத்தால் கப்பலுக்குப் பின்னால் விழும் கறுப்பு நிழல் படத்தின் விளிம்பு வரை போகுமே, அதை வைத்து உயரம் கணக்கிட முடியுமா?

எதிரொலி:
முடியாது. சிதைவு (மூழ்கிய கப்பல்) 15 மீ உயரம், உங்கள் டோஃபிஷ் 10 மீ. தெருவிளக்கை விட உயரமான சுவரின் நிழலுக்கு முடிவே கிடையாது, அதே கதைதான். ரேஞ்சில் 10 முதல் 20 சதவீத உயரம் என்ற விதி தட்டையான தரைக்கு. சிதைவுக்கு, டோஃபிஷ் அதன் உச்சியை விட மேலே இருக்க வேண்டும்.

டோஃபிஷை 20 மீட்டருக்கு ஏற்றுங்கள், ரேஞ்சை 100 ஆக்குங்கள். மேல்விளிம்பிலிருந்து பக்கவாட்டில் 20 மீ தள்ளி ஓட்டினால் நிழல் 20.6 மீட்டரில் தொடங்கி 82.5-இல் முடியும் (இரண்டும் சாய்தூரம், அதாவது டோஃபிஷிலிருந்து நேர்கோட்டில் அளந்த தூரம்). நிழல் நீளம் சுமார் 62. அதை டோஃபிஷ் உயரத்தால் பெருக்கி, நிழல் முடியும் தூரத்தால் வகுங்கள்: 62 × 20 ÷ 82.5 = 15 மீ. 30 மீ தள்ளி ஓட்டினால் நிழல் முடிவு 120 மீட்டரைத் தாண்டிவிடும், 100 ரேஞ்சில் அகப்படாது.

கறுப்பாகத் தெரிவதையெல்லாம் பள்ளம் என்று குறித்துவிடாதீர்கள். பள்ளத்தில் கறுப்பு டோஃபிஷ் பக்கம் வரும், அதன் பின்சரிவு வெளுப்பாகத் தெரியும். நின்றிருக்கும் பொருளுக்கு இந்த வரிசை தலைகீழ்.

நங்கூரம்:
ஓட்டும்போது கவனிக்க வேண்டியவை சில.

உங்கள் பழைய திட்டப்படி டோஃபிஷ் 25 மீ ஆழத்தில் போகும், கப்பல் உச்சி 20-இல். குறுக்கே ஓட்டினால் நேராகப் போய் மோதும். ஆகவே அடிக்கட்டைக்கு இணையாக, கப்பலின் நீளவாக்கில் மட்டும் ஓடுங்கள், திரும்பும் முன் கேபிளை ஏற்றிவிடுங்கள். படகு வேகம் குறைந்தால் டோஃபிஷ் தாழும். ஸ்காப்பாவில் எஞ்சியுள்ள ஏழு ஜெர்மன் கப்பல்களும் சட்டத்தால் காக்கப்படும் நினைவுச் சின்னங்கள். கேபிள் சிக்கினால் கருவி மட்டுமல்ல, அவையும் சேதமாகும்.

100 மீ ரேஞ்சில் விநாடிக்கு 7.5 பிங்தான் (ஒலித்துடிப்பு) கிடைக்கும். 3 நாட் (மணிக்கு 3 கடல்மைல்) வேகத்தில் அது 20 செ.மீட்டருக்கு ஒரு பிங். 6 நாட் வேகத்தில் 40 செ.மீ. ஆகிவிடும், மெல்லிய பாய்மரக் கம்பம் துண்டு துண்டாகத் தெரியும்.

இரு பக்கமும் கட்டாயம் ஓட்டுங்கள். சாய்ந்த கப்பலில் ஒரு பக்கம் வெறும் வழவழப்பான அடிப்பகுதி. பீரங்கி, கப்பலை இயக்கும் மேடை எல்லாம் தளம் இருக்கும் மறுபக்கத்தில்தான். எதிரெதிர் ஓட்டங்களின் படங்களில் கப்பல் இரண்டு வெவ்வேறு இடத்தில் விழுந்தால் கேபிள் நீளக் கணக்கு தப்பு என்று பொருள்: 80 மீ கேபிள், 15 மீ ஆழம் என்றால் டோஃபிஷ் படகுக்குப் பின்னால் ஏறத்தாழ 79 மீட்டரில் இருக்கும், கேபிள் தொங்கல் இதை இன்னும் குறைக்கும்.

கடல்வரைவு:
நன்றி. அப்படியானால் உயரத்துக்கு மல்டிபீமையே (பல ஒலிக்கற்றைகளால் ஆழம் அளக்கும் சோனார்) நம்பலாமா?

எதிரொலி:
கப்பல் உடலின் உயரத்துக்கு நம்பலாம், அதுதான் சரியான கருவியும். 35 மீட்டரில் 1 டிகிரி பீம் (ஒலிக்கற்றை) தரையில் சுமார் 60 செ.மீ. அகலம், அதனால் கம்பிகளும் கைப்பிடிகளும் தெரியாது. அதைவிட முக்கியமான இடர் பிறகு வருகிறது: தானியங்கி வடிகட்டி, தனியே நிற்கும் புள்ளிகளைச் சத்தம் (பிழையான அளவீடு) என்று தூக்கி எறிந்துவிடும். பாய்மரமும் பீரங்கிக் குழாயும் அப்படித்தான் காணாமல் போகின்றன. சிதைவைச் சுற்றி ஒரு எல்லை வரைந்து, அதற்குள் வடிகட்டியை நிறுத்திவிட்டுக் கையால் சுத்தம் செய்யுங்கள். அடுத்த ஓட்டத்திலும் அதே இடத்தில் புள்ளி வந்தால் அது இரும்பு. வரவில்லையென்றால் மீன் கூட்டமாக இருக்கலாம். புள்ளிகளைச் சிறு கட்டங்களாகச் சுருக்கிய படம் மட்டும் போதாது, மூலப் புள்ளிகளையும் சேர்த்தே ஒப்படையுங்கள்.

நங்கூரம்:
ஒன்று விட்டுப்போனது. சைட் ஸ்கேன் ஓடும்போது படகின் எக்கோ சவுண்டரை (ஒலியால் ஆழம் அளக்கும் கருவி) அணைத்துவிடுங்கள். படத்தில் ஒழுங்கான இடைவெளியில் சாய்கோடுகள் விழுந்தால் முதலில் அதைத்தான் பாருங்கள்.