அப்பா ராத்திரி ஐந்து முறை எழுந்திருக்கிறார், டாக்டரிடம் வர மறுக்கிறார்

வைகைக்கரை:
எல்லோருக்கும் வணக்கம். அப்பாவுக்கு 66 வயது. பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆறேழு மாதமாக ராத்திரி நாலைந்து முறை எழுந்து பாத்ரூம் போகிறார். அடுத்த அறையில்தான் நான் படுக்கிறேன். முதலில் தாழ்ப்பாள் சத்தம், அப்புறம் குழாயைத் திறந்துவிடும் சத்தம். வாளியில் தண்ணீர் விழுவது காதில் கேட்டால்தான் அவருக்குச் சிறுநீர் வருகிறதாம். ஐந்து நிமிடம், சில நாள் பத்து நிமிடம்கூட நிற்கிறார். வந்து படுத்து ஒரு மணி நேரம் ஆவதற்குள் மறுபடியும் தாழ்ப்பாள்.

கேட்டால், "வயசானா எல்லாருக்கும் இப்படித்தான்டா" என்கிறார். சுகர் பார்த்தாயிற்று, நார்மல். அம்மா சாயங்காலமானால் பார்லி கஞ்சியும் நீர்முள்ளிக் கஷாயமும் கொடுக்கிறார். அடுத்த மாதம் அக்கா மகள் கல்யாணம், அது முடிந்ததும் பார்க்கலாம் என்று தள்ளிப்போடுகிறார் அப்பா. புற்றுநோயாக இருக்குமோ என்று எனக்குள் பயம். வீட்டில் அந்த வார்த்தையை எடுக்கவே முடியவில்லை. கல்யாணம் வரை பொறுக்கலாமா? எந்த டாக்டரைப் பார்ப்பது?

ஓய்வுபெற்ற வாத்தியார்:
தம்பி, பொறுக்க வேண்டாம். உங்கள் அப்பா சொல்கிற அதே வார்த்தையைச் சொல்லித்தான் நான் இரண்டு வருடம் ஓட்டினேன். தஞ்சாவூரிலிருந்து சென்னைக்குப் பஸ் ஏறினால் முதல் நாள் மதியத்திலிருந்தே தண்ணீரைக் குறைத்துவிடுவேன். கல்யாண மண்டபத்துக்குள் நுழைந்ததும் முதலில் கழிப்பறை எங்கே என்றுதான் கண் தேடும். மனைவியிடம்கூட வாய் திறக்கவில்லை.

64 வயதில், ஒரு மார்கழி மாதம். மூக்கடைப்புக்கு மருந்துக் கடையில் கேட்டு ஒரு சளி மாத்திரை வாங்கிப் போட்டேன். அன்று ராத்திரி பதினொரு மணிக்கு மேல் ஒரு சொட்டு வரவில்லை. முட்டிக்கொண்டு நிற்கிறது, வெளியே வரவில்லை. வெந்நீர் ஒத்தடம் கொடுத்தேன், தாழ்வாரத்தில் நடந்தேன். விடியற்காலையில் அடிவயிறு குடம் மாதிரி கல்லாக நின்றது. ஆட்டோ ஏறிய ஒவ்வொரு வேகத்தடைக்கும் உயிர் போய் வந்தது. ஆஸ்பத்திரியில் ஒரு தம்பி டியூப் போட்டார். பையில் 900 மில்லி இறங்கியது. அந்த நிமிடம் அழுதுவிட்டேன்.

"என்ன மாத்திரை போட்டீர்கள்?" என்றுதான் டாக்டர் முதலில் கேட்டார். மூக்கடைப்பை நீக்கும் சில மருந்துகள் சிறுநீர்ப்பையின் வாயையும் சேர்த்து இறுக்கிவிடுமாம். அந்த வாய்க்குக் கீழேதான் புராஸ்டேட் சுரப்பி இருக்கிறது. இளவயதில் பெருநெல்லிக்காய் அளவு. அதன் நடுவில்தான் சிறுநீர்க் குழாய் இறங்குகிறது. வயது ஏற ஏறச் சுரப்பி வீங்கும், குழாய் நெரிபடும். எனக்கு ஏற்கெனவே பாதி மூடியிருந்த கதவை அந்த மாத்திரை முழுசாகச் சாத்திவிட்டது.

இந்த வீக்கம் புற்றுநோய் இல்லை, புற்றுநோயாக மாறுவதும் இல்லை. இரண்டும் ஒரே வயதில் வரக்கூடியவை, அதனால்தான் பார்த்துவிட வேண்டும். எனக்குச் சிறுநீர்ப்பையின் வாயைத் தளர்த்தும் டாம்சுலோசின் மாத்திரை கொடுத்தார்கள், சில நாளில் டியூபை எடுத்தார்கள். எடுத்த அன்று தண்ணீரைக் குடித்துவிட்டு வார்டில் உட்கார்ந்து காத்திருந்தேனே, அதுபோல எந்தப் பரீட்சைக்கும் நான் காத்திருந்ததில்லை. வந்தது. ஆபரேஷன் தேவைப்படவில்லை. மாத்திரை தொடங்கினால் ஒன்றை மட்டும் அப்பாவிடம் சொல்லுங்கள்: படுக்கையிலிருந்து சட்டென்று எழக் கூடாது, தலை சுற்றும். கண்புரை ஆபரேஷன் செய்வதாக இருந்தால் இந்த மாத்திரையைப் பற்றிக் கண் டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்.

புற்றுநோய் என்ற பேச்சே வேண்டாம். "மண்டபத்தில் ராத்திரி அடைத்துக்கொண்டால் என்னப்பா செய்வது?" என்று கேளுங்கள். என்னிடம் யாராவது அப்படிக் கேட்டிருந்தால் நான் கிளம்பியிருப்பேன்.

வார்டு செவிலியர்:
யூராலஜி, அதாவது சிறுநீர்ப் பாதை நோய்களுக்கான வார்டில் பதினொரு வருடமாக வேலை செய்கிறேன். ஐயா சொன்ன மாதிரி விடியற்காலையில் வருகிறவர்களுக்கு டியூப் போடுவது எங்களுக்கு வழக்கமான வேலை. அதற்கு முன்னாலேயே பகலில் நடந்து வந்திருக்கலாமே என்றுதான் ஒவ்வொரு முறையும் தோன்றும்.

அண்ணா, பார்க்க வேண்டியது யூராலஜி டாக்டர். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கேட்டால் எந்த நாள் ஓ.பி. என்று சொல்வார்கள். அன்று அப்பா வீட்டிலிருந்து கிளம்பும்போது சிறுநீர் கழித்துவிட்டு வரக் கூடாது. பை நிறைந்திருக்கும்போது ஒரு ஸ்கேன், கழித்த பிறகு ஒரு ஸ்கேன் எடுப்பார்கள். உள்ளே எவ்வளவு தங்குகிறது என்பதுதான் முக்கியமான கணக்கு. புராஸ்டேட்டில் புற்றுநோய்ச் சந்தேகம் உண்டா என்று பார்க்க உதவும் பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனையும் சொல்லலாம். சிறுநீரில் கிருமித் தொற்று இருந்தால் அது கூடுதலாகக் காட்டும், ஒரு எண்ணை மட்டும் பார்த்துப் பயப்படாதீர்கள். ஆசனவாய் வழியாக விரலால் சுரப்பியைத் தொட்டுப் பார்ப்பார்கள், அரை நிமிட வேலை. இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அங்கே வந்து கேள்விப்பட்டு எழுந்து போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பார்லியும் நீர்முள்ளியும் சிறுநீரைப் பெருக்கும். வழி அடைத்திருக்கிறவருக்குச் சாயங்காலம் அதைக் கொடுத்தால் ராத்திரித் தூக்கம்தான் கெடும். பகலில் தண்ணீர் குடிக்கட்டும், ஏழு மணிக்கு மேல் குறைக்கட்டும்.

முழுசாக அடைத்துக்கொண்டாலோ, குளிர்காய்ச்சலோடு சிறுநீர் எரிந்தாலோ அன்றைக்கே வர வேண்டும். தெரியாமலே சொட்டுச் சொட்டாக வேட்டி நனைந்தால் பை நிரம்பி வழிகிறது என்று அர்த்தம், அதையும் தள்ளிப்போடக் கூடாது. வலியே இல்லாமல் ஒரே ஒரு முறை சிவப்பாகப் போய் நின்றுவிட்டாலும் வந்துவிடுங்கள். பீடி, சிகரெட் பழக்கம் உள்ளவர்கள் "நின்றுவிட்டது" என்று விட்டுவிடுவதுதான் எனக்குப் பெரிய கவலை. சிறுநீர்ப்பைப் புற்றுநோய் அப்படித்தான் முதலில் காட்டும்.

பையன்கள் இருக்கிற வீட்டுக்கு இன்னொன்று. விதைப்பையில் இருக்கும் விதையில் திடீரென்று கடும் வலி வந்தால், அது முறுக்கிக்கொண்டிருக்கலாம். ஆறு மணி நேரத்துக்குள் வந்தால் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். பிளஸ் ஒன் படிக்கிற பையன் ஒருவன் அம்மாவிடம் சொல்ல வெட்கப்பட்டு, ஒரு ராத்திரி முழுக்கத் தலையணையைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தான். மறுநாள் அந்த விதையை எடுக்க வேண்டியதாயிற்று. அவன் முகம் இன்னும் எனக்குள் இருக்கிறது.

வைகைக்கரை:
ஐயா, நீங்கள் எழுதியதை அப்படியே அப்பாவிடம் படித்துக் காட்டினேன். ஆட்டோ வேகத்தடை வந்த இடத்தில், "நிறுத்து, நாளைக்குப் போகலாம்" என்றார். செவ்வாய்க்கிழமை போனோம். கழித்த பிறகும் உள்ளே 180 மில்லி தங்கியிருந்தது. சுரப்பி 52 கிராம். பி.எஸ்.ஏ. 2.1, விரல் பரிசோதனையிலும் பயப்பட ஒன்றும் இல்லை என்றார் டாக்டர். மாத்திரை கொடுத்து நாலு வாரம் கழித்து மறுபடியும் ஸ்கேனுக்கு வரச் சொல்லியிருக்கிறார்.

நேற்று ராத்திரி தாழ்ப்பாள் சத்தம் இரண்டு முறைதான் கேட்டது. குழாய்ச் சத்தம் கேட்கவில்லை. அம்மாவின் மாத்திரை டப்பாவில் இருந்த சளி மாத்திரை அட்டையை எடுத்து அலமாரியில் தனியாக வைத்து, "அப்பாவுக்குக் கொடுக்கக் கூடாது" என்று எழுதி ஒட்டியிருக்கிறேன்.