மறுமொழி: வாள்வீச்சும் வாய்வீச்சும் கலந்த கதைவகைக்கு ‘வாட்செருக்கு’ பொருந்துமா?

தல்லாகுளத்திலிருந்து:

அன்புள்ள கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம்.

ஆங்கிலத்தில் ‘ஸ்வாஷ்பக்ளர்’ என்று வழங்கும் கதைவகைக்குத் தமிழில் நிலையான பெயர் வேண்டும் என்ற கோரிக்கை, மதுரையில் நம் நண்பர் ஒருவர் மொழிபெயர்த்துவரும் நாவலின் பின்னட்டைக் குறிப்பிலிருந்து பிறந்தது என்பதை, இழையில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக நினைவூட்டுகிறேன். அந்த நாவலில், அரண்மனைக் காவற்படையில் பேர்பெற்றிருந்த வாள்வீரர் சிலர், செய்யாத குற்றத்துக்காகவும் செய்த சில குற்றங்களுக்காகவும் சின்னம் பறிக்கப்பட்டு நாடு கடத்தப்படுகிறார்கள். சூனியக்காரர்களும் பேசும் விலங்குகளும் உலவும் எல்லைப்புறத்தில் கூலிக்கு வாள் சுழற்றிப் பிழைக்கிறார்கள். ‘சாகச நாவல்’ என்று போட்டு அச்சுக்கு அனுப்பிவிடலாம் என்று பதிப்புத் தரப்பில் சொல்லப்படுவதில் அவசரம் தெரிகிறதே தவிரப் பொருத்தம் தெரியவில்லை. பனிமலை ஏறுவதும் சாகசம்தான். பாய்மரப் படகில் தனியாளாக உலகைச் சுற்றுவதும் சாகசம்தான்.

‘பக்ளர்’ என்பது கைப்பிடிக்குள் அடங்கும் சிறிய வட்டக் கேடயம். ‘ஸ்வாஷ்’ என்பது ஓங்கி அடிப்பதையும் அதனால் எழும் ஓசையையும் குறிக்கும். தெருவில் நடக்கும்போதே வாளால் தன் கேடயத்தைத் தட்டி ஒலியெழுப்பிக்கொண்டு, வம்புக்கு ஆள் தேடித் திரிந்த முரடனுக்கு 16-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தார் வைத்த ஏளனப் பெயர் அது. அந்த ஏளனம் தேய்ந்து, பிற்காலத்தில் அது வீரனுக்கும் அவனைப் பற்றிய கதைக்கும் பாராட்டுப் பெயராக மாறியது. ஆகவே சொல்லின் கருவில் இருப்பது வாள் மட்டுமன்று, அந்த ஓசையும்தான். சண்டைக்கு முன்பே சண்டையை அறிவிக்கும் மிடுக்கு அது. இதுவரை இழையில் வந்த சொற்களில் பெரும்பாலானவை வாளைப் பிடித்துக்கொண்டு ஓசையைக் கைவிட்டுவிட்டன என்பதே என் முதன்மையான குறை.

‘வாள்வீரக் கதை’ என்று எழுதினால், களத்தில் வாய்திறவாமல் போரிட்டு மடிந்த எந்தப் படைவீரனின் வரலாறும் அதற்குள் வந்துவிடும். ‘கத்திச்சண்டைக் கதை’ என்ற முன்மொழிவை நான் எளிதாகத் தள்ளமாட்டேன், ஏனெனில் நம் ஊர்த் தியேட்டர் வாசலில் எந்தக் குழுவும் கூடி முடிவெடுக்காமலேயே மக்கள் வழங்கிவந்த பெயர் அது; ‘ராஜா ராணிப் படம்’, ‘கத்திச்சண்டைப் படம்’ என்று இரண்டு சொற்களில் வேலை முடிந்துவிடும். ஆனாலும் அது நிகழ்ச்சியைச் சொல்கிறது, ஆளைச் சொல்லவில்லை. கதையில் பாதிப் பக்கங்களில் கத்தி உறையில்தான் இருக்கிறது. அப்போதும் அந்த ஆட்கள் அதே வகை ஆட்களாகத்தான் இருக்கிறார்கள்.

என் முன்மொழிவு ‘வாட்செருக்கு’ என்பது. முள், செடி என்பவை முட்செடி ஆவதுபோல வாள், செருக்கு என்பவை புணர்ந்து நிற்கின்றன. கதைவகை வாட்செருக்குக் கதை. நாவல் வாட்செருக்குப் புதினம். இதை நான் வெறுங்காற்றில் பிடிக்கவில்லை. திருக்குறளின் 78-ஆம் அதிகாரத்தின் பெயரே படைச்செருக்கு. அதன் முதற் குறளில் ஒரு வீரன் பகைவரைப் பார்த்து, என் தலைவன் முன்னால் நிற்காதீர்கள், முன்னால் நின்ற பலர் இப்போது நடுகல்லாக நிற்கிறார்கள் என்கிறான். எச்சரிக்கைபோல ஒலிக்கும் அந்தப் பேச்சின் அடியில் ஓடுவது குறும்பு. நான்காம் குறள் இன்னும் நெருங்கி வருகிறது: கையிலிருந்த வேலை யானையின்மேல் எறிந்துவிட்டு வேறு வேல் தேடி வருகிறவன், தன் மார்பில் தைத்திருந்த வேலைக் கண்டு, பறித்தெடுத்து, மகிழ்ந்து நகைக்கிறான். ஆயுதம் தீர்ந்த நொடியில் சிரிக்கத் தெரிந்தவன்தான் இந்த வகையின் நாயகன். வீரன் தன் ஆற்றலைத் தானே உயர்த்திச் சொல்வதற்குப் புறப்பொருள் வெண்பாமாலையில் ‘நெடுமொழி கூறல்’ என்று தனித்துறையே உண்டு.

வாளும் சொல்லும் ஒருசேரச் சுழல்வதற்கு மதுரைக்காரர்கள் வெளியே போய் எடுத்துக்காட்டுத் தேட வேண்டியதில்லை. திருவிளையாடற் புராணத்தின் 27-ஆம் படலமான அங்கம் வெட்டின படலத்தை எடுத்துக்கொள்வோம். குலோத்துங்க பாண்டியன் காலத்து மதுரையில் வாள்வித்தை கற்பிக்கும் முதிய ஆசிரியர் ஒருவர். அவரிடமே கற்று, அவருக்கே போட்டியாகக் கிளம்பி, அவர் மனைவியிடமும் தகாதபடி நடக்க முயலும் மாணவன் சித்தன். சோமசுந்தரக் கடவுள் அந்த முதியவரின் உருவில் வந்து அவனை வாட்போருக்கு அழைக்கிறார். உடனே வெட்டி முடிக்கவில்லை. குருவின் மனைவியை நினைத்த நெஞ்சைக் காத்துக்கொள், அவளிடம் பேசிய நாவைக் காத்துக்கொள், தொட்ட கையைக் காத்துக்கொள், பார்த்த கண்ணைக் காத்துக்கொள் என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி அறிவித்த பிறகே வெட்டுகிறார். எந்த இடத்தில் வெட்டு விழும் என்று எதிரிக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டு அதே இடத்தில் வெட்டுவதுதான் வாட்செருக்கு.

அடுத்து, நாவலில் நாடு கடத்தப்படும் அந்த வீரர்களுக்கான அடைமொழி. ‘மானமிழந்த வீரர்கள்’, ‘இழிவுற்ற வீரர்கள்’, ‘கழலிழந்த வீரர்கள்’ ஆகியவை வந்துள்ளன. இவற்றில் ‘கழலிழந்த’ என்பது அழகான ஆக்கம். வீரக்கழல் அணிவதே போர்மறவனின் அடையாளம், அதே படைச்செருக்கு அதிகாரத்திலும் ‘கழல்யாப்பு’ என்று வருகிறது. ஆனால் இன்றைய வாசகருக்குக் கழல் என்றால் தேவாரமும் திருவாசகமும் பழக்கிய இறைவன் திருவடிதான் முதலில் நினைவுக்கு வரும். நாடு கடத்தப்பட்ட வாள்வீரனைப் பக்தி தவறிய அடியார் என்று படித்துவிடுவார்கள்.

‘மானமிழந்த’ என்பதில் உள்ள இடர் இதைவிடப் பெரியது. வெண்ணிப் போரில் கரிகாலனிடம் தோற்ற சேரமான் பெருஞ்சேரலாதன், முதுகில் பட்ட புண்ணுக்கு நாணி வடக்கிருந்து உயிர்விட்டான். புறநானூற்றில் இரண்டு பாட்டுகள் அடுத்தடுத்து அதைப் பாடுகின்றன. நம் ஊர் நெடுஞ்செழியனோ, தீர்ப்புப் பிழைத்தது தெரிந்ததும் “யானோ அரசன் யானே கள்வன்” என்று சொல்லி அரியணையிலேயே மாய்ந்தான். தமிழ் மரபில் மானம் இழந்தவன் உயிரோடிருப்பதில்லை. பின்னட்டையில் ‘மானமிழந்த வீரர்கள்’ என்று அச்சிட்டால், ‘அப்படியானால் இன்னும் ஏன் உயிரோடிருக்கிறார்கள்?’ என்று கேட்கும் வாசகரைக் குறைசொல்ல முடியாது. இந்தக் கதைவகையோ அவர்கள் சாகாமல் இருப்பதை நம்பித்தான் நடக்கிறது. பட்டம் போன பிறகும் உண்கிறார்கள், கடன் வாங்குகிறார்கள், பழைய தோழனோடு சண்டை பிடிக்கிறார்கள், திரும்பி வரும் வழியையும் தேடுகிறார்கள்.

எனவே ‘பழிபட்ட வீரர்’ என்பதை முன்வைக்கிறேன். பழி ஊரார் சுமத்துவது, மானம் உள்ளிருப்பது. முன்னதைச் சுமந்துகொண்டு பின்னதைக் காத்திருப்பவன் இருக்க முடியும், அவனே இந்த நாவல்களின் நாயகன். பாண்டியர் குடியில் வந்த கடலுள் மாய்ந்த இளம்பெருவழுதி, பழியோடு வருமானால் உலகம் முழுவதையும் கொடுத்தாலும் சான்றோர் கொள்ளமாட்டார் என்று பாடியதில், பழி புகழுக்கு நேரெதிராக நிற்கிறது. நமக்கு வேண்டிய பொருள் அதுவே.

ஆங்கிலத்தின் ‘ஃபேன்டசி’க்கு மிகுபுனைவு என்ற சொல்லை இக்குழு முன்பே ஏற்றுக்கொண்டுவிட்டதால் அதை மீண்டும் கிளறவேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

திருமங்கலத்திலிருந்து:

தல்லாகுளத்து ஐயா அவர்களுக்கு வணக்கம்.

பழிபட்ட வீரர் பற்றித் தாங்கள் எழுதியதில் எனக்கு உடன்பாடு உண்டு; வாட்செருக்கு பற்றித் தடை உண்டு. படைச்செருக்கை எடுத்துக் காட்டிய தாங்கள், அதே நூலின் குற்றங்கடிதல் அதிகாரம் செருக்கையும் சினத்தையும் சிறுமையையும் ஒரே வரிசையில் நிறுத்திக் குற்றமென்று சொல்லித் தொடங்குவதை எடுத்துக் காட்டவில்லை. ‘யான், எனது’ என்னும் செருக்கை அறுக்கச் சொன்னவரும் அவரே. இன்றைய வழக்கிலும் ‘செருக்குப் பிடித்தவன்’ என்றால் எவரும் பாராட்டாக எடுத்துக்கொள்ளமாட்டார்கள். நான் பல ஆண்டுகள் தமிழ் கற்பித்தவள். மாணவரிடம் இச்சொல்லைக் கொடுத்தால் எதிரியைப் பற்றிய கதை என்றே எழுதுவார்கள்.

இன்னொன்றும் சொல்ல விரும்புகிறேன். எங்கள் பக்கத்துக் கோயில் திருவிழாக்களில் விடிய விடிய நடக்கும் ஸ்பெஷல் நாடகங்களில் ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன் ஆகியோரோடு கள்ளபார்ட் என்றொரு வேடம் உண்டு. கள்ளன் வேடம்தான், ஆனாலும் ராஜபார்ட்டுக்குக் கிடைக்காத கைதட்டல் சில இரவுகளில் அவருக்குக் கிடைக்கும். இந்த நாவலின் ஆட்கள் ராஜபார்ட்டாகப் பிறந்து கள்ளபார்ட்டாக வாழ்கிறவர்கள். அதுபோல மேடைவழக்கிலிருந்தே ஒரு சொல்லை எடுக்க முடியாதா? மதுரைவீரனும் அந்த இனம்தானே! கதைப்பாடலில் திருமலை நாயக்கருக்காக அழகர்மலைக் கள்ளரை அடக்கிய அதே வீரனுக்கு, அந்த நாயக்கர் ஆணையாலேயே மாறுகால் மாறுகை வாங்கப்படுகிறது. பழிபட்ட வீரன் என்ற சொல்லுக்கு அவனைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

இறுதியாக ஓர் ஐயம். ‘பழி’ என்றதும் ‘பழிவாங்குதல்’ நினைவுக்கு வராதா? பழிபட்ட வீரரைப் பழிவாங்கும் வீரராகப் படித்துவிட்டால் என்ன செய்வது?

தல்லாகுளத்திலிருந்து:

அம்மா அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் தடைதான் இச்சொல்லுக்கு நான் தேடிய வலுவைக் கொடுத்திருக்கிறது. வள்ளுவர் ஒரே சொல்லைப் படைக்களத்தில் பெருமிதமாகவும், அறத்தைப் பேசும்போது குற்றமாகவும் ஆள்கிறார் அல்லவா? இந்த நாவல்களின் கதைப்பின்னல் முழுவதும் அந்த இரண்டு பொருளுக்கும் இடையில்தான் ஓடுகிறது. களத்தில் எவனைக் காப்பாற்றியதோ அதே செருக்குதான் அரசவையில் அவனைக் கவிழ்த்தது. படைத்தலைவனிடம் எதிர்த்துப் பேசியிருக்காவிட்டால் சின்னம் பறிபோயிருக்காது, எதிர்த்துப் பேசத் தெரியாதவனாக இருந்திருந்தால் நாமும் அவனைப் படிக்க உட்கார்ந்திருக்கமாட்டோம். மதுரைவீரன் கதையும் அவ்வாறே செல்கிறது. ஏளனமாகத் தொடங்கிப் பாராட்டாக மாறிய ஆங்கிலச் சொல்லுக்கு, குற்றமும் பெருமிதமும் ஒன்றாகத் தங்கிய தமிழ்ச்சொல் அமைவதை நான் குறையாகக் கருதவில்லை. ‘வாள்’ முன்னால் நிற்பதால் வெறும் ஆணவம் என்ற பொருளும் விலகிவிடும். படைச்செருக்கு என்ற தலைப்பைப் பார்த்து அது படையின் ஆணவத்தைக் கண்டிக்கும் அதிகாரம் என்று எவரும் கொள்வதில்லை.

கள்ளபார்ட் பற்றித் தாங்கள் எழுதியதைப் படித்து மகிழ்ந்தேன், ஆனால் அதைக் கலைச்சொல்லாக்க மனம் வரவில்லை. அது நாடகக் கலைஞர்களின் தொழிற்சொல். இன்றும் உயிரோடு வழங்குவது. அதைப் பெயர்த்தெடுத்து வேறு பொருள் ஏற்றினால், நாடக வரலாற்றை எழுதுகிறவருக்கு நாளை குழப்பம் வரும். பின்னட்டைக் குறிப்பில் ‘ராஜபார்ட்டாகப் பிறந்து கள்ளபார்ட்டாக வாழ்கிறவர்கள்’ என்ற தங்கள் தொடரை அப்படியே இட, தங்கள் இசைவு இருந்தால், மொழிபெயர்ப்பாளரைக் கேட்டுக்கொள்கிறேன். கலைச்சொல் செய்யமுடியாத வேலையை அந்த ஒரு வரி செய்துவிடும்.

பழி பற்றிய ஐயத்துக்கு, துணைவினையே காவல் என்பது என் எண்ணம். பழிவாங்குகிறவன், பழிதீர்க்கிறவன் எல்லாரும் செய்கிறவர்கள். பழிபட்டவன் செயலுக்கு ஆளானவன். வசப்பட்ட, வயப்பட்ட, அகப்பட்ட என்ற வரிசையில் இதையும் வாசகர் இடறாமல் படிப்பார்கள். அப்படியே சிலர் பழிவாங்குதலை நினைத்தாலும், இந்த வகை நாவலில் பத்தாம் அத்தியாயத்துக்கு மேல் அதுவும் நடக்கத்தான் போகிறது.

ஆட்பெயரையும் இப்போதே முடிவுசெய்வது நல்லது. நாவலின் சிறந்த வாள்வீச்சுக்காரி ஒரு பெண் என்பதால், ‘வாட்செருக்கன்’ என்று மட்டும் பதிந்தால் மொழிபெயர்ப்பாளர் முதல் அத்தியாயத்திலேயே மாட்டிக்கொள்வார். வாட்செருக்கர் என்ற பொதுவடிவத்தைத் தலைச்சொல்லாகவும், வாட்செருக்கன், வாட்செருக்கி ஆகியவற்றைக் கிளைவடிவங்களாகவும் வைக்கலாம். விளக்கத்தில், வாட்போர்த் திறமும் துணிச்சலான பேச்சும் ஒருங்கே அமைந்த நாயகரைப் பற்றிய கதைவகை, மக்கள் வழக்கில் கத்திச்சண்டைக் கதை என்று எழுதினால், தியேட்டர் வாசல் பெயரும் தொலையாமல் இருக்கும்.

நூலட்டைக்கு ‘பழிபட்ட வீரர்களின் வாட்செருக்கு மிகுபுனைவு’ என்ற முழுத்தொடர் நீளம் என்று பதிப்புத் தரப்பில் முணுமுணுப்பு எழும் என்பது தெரியும். முன்னட்டையில் வாட்செருக்குப் புதினம் என்று மட்டும் போட்டு, மற்றதைப் பின்னட்டைக்கு விடலாம். சத்திரத்து முற்றத்தில் நடக்கும் முதற் சண்டையின் வரைவில் மொழிபெயர்ப்பாளர் வாட்செருக்கர் என்பதை உரையாடலிலும் கதைசொல்லியின் கூற்றிலும் தனித்தனியே வைத்துப் பார்த்து, எங்கே இடறுகிறது என்பதை இழையில் எழுதினால், வல்லின மிகுதியையும் சொற்பிரிப்பையும் அதன்பிறகு பார்த்துக்கொள்வோம்.

அன்புடன்,
தல்லாகுளத்திலிருந்து