மறு: "வழவழப்பெண்" சரியா? என் ஓட்டு நொறுங்கெண்ணுக்கு

ஐயா, வணக்கம்.

> பகாக் காரணிகள் எல்லாமே சிறியவையாக இருக்கும் எண்ணை ஸ்மூத் நம்பர் என்கிறார்கள். "வழவழப்பெண்" எனலாமா?

வேண்டாம் என்பேன். வழவழப்பு என்றதும் வளைகோடும் பரப்பும்தான் நினைவுக்கு வரும். நுண்கணிதத்தில் சார்புகளுக்கு இதே அடைமொழி வேறு பொருளில் வேண்டியிருக்கிறது. எண்ணில் நடப்பதோ வேறு. 10! என்பது 3628800. எவ்வளவு பெரிதாகத் தெரிந்தாலும் 2, 3, 5, 7 தவிர அதற்குப் பகாக் காரணி கிடையாது. ஒன்றைக் கூட்டுங்கள்: 3628801 = 11 × 329891. இந்த 329891 பகா எண். முன்னது பொடிப்பொடியாகிறது, பின்னதில் ஒரு பெரிய கட்டி அப்படியே மிஞ்சுகிறது.

பிரெஞ்சுக் கணிதர்கள் இதைத்தான் பிடித்துக்கொண்டு, எளிதில் நொறுங்குவது என்று பொருள்படும் "பிரியாப்ல்" என்ற சொல்லை ஆள்கிறார்கள். நாமும் நொறுங்கெண் என்போமே. பகு எண் போல இதுவும் வினைத்தொகை. பாடநூல் வழக்கோடு ஒட்டிப்போகும். பகாக் காரணிகள் தாண்டக் கூடாத எல்லையை முன்னால் போட்டால் போதும்: 10! ஒரு 7-நொறுங்கெண்.

> இதற்கு இவ்வளவு மெனக்கெட வேண்டுமா? எங்கே பயன்படுகிறது?

பெரிய எண்களை உடைக்கும் இடத்தில் இந்தச் சொல் இல்லாமல் ஒரு பத்திகூட எழுத முடியாது. 2-இன் 32ஆம் அடுக்கோடு 1 கூட்டினால் 4294967297. கணிதர் பெர்மா இதைப் பகா எண் என்று நம்பினார். 1732இல் ஆய்லர் 641 × 6700417 என்று பிரித்துக் காட்டினார். 1974இல் வந்த, காரணி காணும் பொலார்டு முறை, காரணியிலிருந்து ஒன்றைக் கழித்தால் நொறுங்கெண் வருகிறதா என்பதை நம்பியிருக்கிறது. 640-இல் 2-உம் 5-உம் மட்டுமே. 6700416-இலோ 17449 என்ற பகா எண் குறுக்கே நிற்கிறது. ஆகவே மாட்டிக்கொள்வது 641. (அந்த முறையில் ஓர் எண்ணை எடுத்து அடுக்கேற்றிப் பார்ப்பார்கள்; அந்த அடிமானமாக 2-ஐ எடுத்துவிடாதீர்கள், இரண்டு காரணிகளும் ஒருசேர வந்து விழும்.) கூர்ந்து சொன்னால் அங்கே பகா எண்ணின் அடுக்கும் எல்லைக்குள் இருக்க வேண்டும். 640-இல் 2 ஏழு முறை வருவதால் அது 128 வரை போகிறது. அதற்கு "அடுக்கு நொறுங்கெண்" போதும்.

ஆர்எஸ்ஏ என்பது பெரிய எண்களை உடைப்பது கடினம் என்பதை நம்பியிருக்கும் மறையாக்க முறை. 1994இல் உடைபட்ட 129 இலக்க ஆர்எஸ்ஏ எண்ணின் காரணிகள் 64, 65 இலக்கப் பகா எண்கள். நொறுங்காத அந்த எண்ணை உடைக்க, இருபடிச் சல்லடை என்னும் காரணி காணும் முறை வேறு நொறுங்கெண்களைத்தான் தேடித் திரட்டியது.

> அப்படியானால் ரஃப் நம்பர் "நொறுங்கா எண்" தானே?

இல்லை. 2 × 329891 என்ற எண் 7-நொறுங்கெண் அல்ல; அதற்காக அதை ரஃப் என்றும் சொல்ல முடியாது, 2 உள்ளே இருக்கிறதே. எல்லாப் பகாக் காரணிகளும் எல்லைக்குக் குறையாமல் இருந்தால்தான் ரஃப். அதற்குத் திண்ணெண் எனலாம். 77-ஐப் பாருங்கள், 7-திண்ணெண்ணும் அதுவே, 11-நொறுங்கெண்ணும் அதுவே.