மறு: லோக்கல் லாக்டவுனுக்குத் தமிழில் என்ன?

வணக்கம்.

> 'உள்ளூர் ஊரடங்கு' போதாதா? எல்லாருக்கும் புரிகிறதே.

புரிகிறது ஐயா. ஆனால் வாய்விட்டு ஒருமுறை படித்துப் பாருங்கள், ஊர் இரண்டு முறை வந்து முட்டுகிறது. பொருளும் இடிக்கிறது. ஊரடங்கு என்றால் ஊரே அடங்குவது. அதுவும் கலவரக் காலத்துச் சொல்.

லோக்கல் லாக்டவுன் என்பதோ கொரோனா பரவிய ஒரு பகுதியை மட்டும் அடைப்பது. இங்கிலாந்தின் லெஸ்டர் நகரை எடுத்துக்கொள்வோம். 2020 ஜூன் 29 அன்று அறிவிப்பு. மறுநாளே அத்தியாவசியமில்லாத கடைகளை மூட வேண்டியிருந்தது. ஜூலை 4-ல் இங்கிலாந்தின் மற்ற ஊர்களில் பப்புகள் திறந்தன, அங்கே திறக்கவில்லை. ஓட்பி, விக்ஸ்டன் போன்ற புறநகர்களும் சேர்ந்து மாட்டிக்கொண்டன. ஆக, அடைபட்டது ஓர் ஊர் என்றுகூடச் சொல்ல முடியாது. வரைபடத்தில் இழுத்த கோட்டுக்கு உட்பட்ட இடம், அவ்வளவுதான். ஜெர்மனியிலும் அப்படித்தான். ஏழு நாளில் லட்சம் பேருக்கு 50 புதிய தொற்று என்ற அளவைத் தாண்டும் மாவட்டம் மட்டும் கட்டுப்பாட்டுக்குத் திரும்ப வேண்டும் என்று மே மாதமே பேசி வைத்திருந்தார்கள். ஜூனில் ஓர் இறைச்சி ஆலையில் 1,500-க்கும் மேற்பட்ட தொழிலாளர்களுக்குத் தொற்று. கூட்டர்ஸ்லோ மாவட்டத்திலும் பக்கத்து வாரன்டார்ஃபிலும் கட்டுப்பாடுகள் திரும்பின. மாநிலத்தின் மற்ற இடங்களில் இல்லை.

'வட்டார முடக்கம்' என்ற யோசனைக்கு: முடக்கம் என்றால் எனக்குக் கைகால் முடங்குவதுதான் நினைவுக்கு வருகிறது. எதிர்ச்சொல்லும் சட்டென்று கிடைக்கவில்லை. அடைப்புக்குத் திறப்பு இருக்கிறது. சென்னையில் தெருமுனையில் தகரம் அடித்தபோது 'தெருவ அடச்சிட்டாங்க' என்றுதான் சொன்னோம்.

எனவே என் பரிந்துரை: பகுதியடைப்பு. 'முழு அடைப்பு' ஏற்கெனவே நாக்கில் இருப்பதால் தனியாக விளக்க வேண்டாம். பகுதி என்றால் வட்டாரம், ஒரு பங்கு என இரண்டும்தான். இங்கே இரண்டும் பொருந்துகின்றன. மதியம்வரை மட்டும் கடை திறப்பதையும் இப்படிச் சொல்லிவிடுவார்களே என்று கேட்கலாம். அதற்குத்தான் 'தளர்வுகளுடன் கூடிய' என்ற நீளமான வால் இருக்கிறதே, அது அங்கேயே ஆடட்டும்.

கிளஸ்டருக்கு, அதாவது ஓரிடத்தோடு தொடர்புள்ள தொற்றுகளின் கூட்டத்துக்கு, புதிதாக எதுவும் செய்ய வேண்டாம். இலங்கைச் செய்திகளில் 'மினுவாங்கொடை கொத்தணி' என்று எழுதினார்கள். கொத்தணியையே எடுத்துக்கொள்வோம்.

தலைப்பில் வைத்துப் பார்த்தேன்: 'லெஸ்டரில் பகுதியடைப்பு, மற்ற ஊர்களில் பப் திறப்பு'. உட்காருகிறது. 'பகுதி அடைப்பு' என்று பிரித்து எழுதினால்தான் கொஞ்சம் உறுத்துகிறது. சேர்த்தே எழுதலாமா?