வெள்ளைச் சுவருக்கு முன் எடுத்த நடனக் காணொளியில் பின்னணியை நீக்குவது எப்படி?

உப்புவெளி:
வணக்கம். அக்காவின் மகள் ஆடிய பரதநாட்டிய உருப்படி ஒன்றைத் திருகோணமலையில் ஒரு மண்டபத்தின் வெள்ளையடித்த சுவருக்கு முன்னால் ஒளிப்பதிவு செய்தேன். சுவரை நீக்கிவிட்டு, கோணேசர் கோயில் மலையிலிருந்து தெரியும் கடலைப் பின்னணியாக வைக்க விரும்புகிறேன். பிரீமியர் புரோ என்னும் காணொளித் தொகுப்பு மென்பொருளில், வெளிச்ச அளவை வைத்துப் பின்னணியை நீக்கும் லூமா கீ போட்டபோது, சுவரோடு சேர்ந்து கொண்டையிலுள்ள மல்லிகைச் சரமும் கண்ணின் வெண்மையும் நகைகளின் மினுக்கமும் மறைந்துவிட்டன. சுவரின் கீழ்மூலைகளில் விழுந்த நிழலோ போகாமல் நிற்கிறது. அவள் படிப்புக்காகக் கொழும்புக்குப் போய்விட்டதால் மீண்டும் எடுக்க வழியில்லை.

நிலாவெளி:
பச்சைத் திரையை அதன் நிறத்தை வைத்துப் பிரிக்கிறோம். வெள்ளைக்கு நிறச்சாயல் இல்லாததால் வெளிச்சத்தை வைத்தே பிரிக்க வேண்டியிருக்கிறது. மென்பொருளின் கணக்கில் சுவரும் மல்லிகையும் ஒன்றுதான். ஆகவே ஒரே கீயில் முழு வேலையையும் முடிக்க முயல வேண்டாம். காணொளியை இரண்டு அடுக்குகளாக வையுங்கள். கீழ் அடுக்கில், விரல்நுனி, முடி, விசிறி மடிப்பு ஆகியவற்றின் ஓரம் சுத்தமாக வரும் அளவுக்கு லூமா கீ போடுங்கள். உள்ளே ஓட்டை விழுந்தால் விழட்டும். மேல் அடுக்கில் கீ எதுவும் போடாமல், உடலின் ஓரத்துக்குச் சற்று உட்புறமாக மாஸ்க் (தெரிய வேண்டிய பகுதியைக் குறிக்கும் எல்லைக்கோடு) வரைந்து, அசைவுக்கேற்ப நகர்த்திக்கொண்டே வந்தால் அந்த ஓட்டைகள் மூடப்படும். மூலை நிழலுக்காகக் கீயைத் தொடாமல், ஆளைச் சுற்றித் தாராளமாக இன்னொரு மாஸ்க் வரைந்து வெளியிலுள்ளதை வெட்டிவிடலாம். மல்லிகைச் சரம் தலையின் ஓரத்திலேயே இருப்பதால், அதை மட்டும் சட்டகம் சட்டகமாகக் கையால் வரைய நேரும், பொறுமை வேண்டும்.

உப்புவெளி:
மிக்க நன்றி ஐயா. ஓட்டைகள் மூடிவிட்டன. ஆனால் கருங்கூந்தலைச் சுற்றி மெல்லிய வெள்ளைக் கோடு தெரிகிறது.

பாலையூற்று:
ஓரத்திலுள்ள புள்ளிகளில் முடியும் சுவரும் கலந்து பதிவாகியிருப்பதே அதற்குக் காரணம். கீயின் ஓரத்தை ஒன்றிரண்டு பிக்சல் உள்ளே சுருக்குங்கள். பிறகு மூலக் காணொளியின் ஒரு பிரதியை, பின்னணிக்கு மேலும் கீ செய்த அடுக்குக்குக் கீழும் வைத்து, மல்டிப்ளை முறையில் (இரு அடுக்குகளின் வெளிச்ச அளவுகளைப் பெருக்கும் முறை) கலக்கவிடுங்கள். மல்டிப்ளையில் தூய வெள்ளை பின்னணியை மாற்றாது என்பதால் சுவர் தானாக மறைந்து, பறக்கும் முடியும் பாதத்தடி நிழலும் இயல்பாக நிற்கும். அதற்கு, அந்தப் பிரதியில் மட்டும் லெவல்ஸ் என்னும் வெளிச்சச் சரிசெய்தலைக் கூட்டிச் சுவரை 255 வரை, அதாவது தூய வெள்ளை வரை, கொண்டுபோக வேண்டும். இல்லாவிட்டால் கடல் அழுக்காகத் தெரியும்.

கடலை இன்னும் எடுக்கவில்லையென்றால் காலையில் போகாதீர்கள். கோணேசர் மலையில் கடல் கிழக்கே இருப்பதால் காலைச் சூரியன் கமராவுக்கு நேரே நிற்கும். முகத்தில் முன்னிருந்து வெளிச்சம் விழ ஆடும் பிள்ளை அதற்குப் பொருந்தமாட்டாள். பிற்பகலில், சூரியன் உங்கள் முதுகுப்பக்கம் வந்த பிறகு எடுங்கள். அந்நேரக் கடல் வெளிச்சமாகவும் இருக்கும் என்பதால், மிஞ்சிய வெள்ளைக் கோடும் அதில் கரைந்துவிடும்.