ரெண்டே வயர்ல நாலு ஃப்ளோட் சுவிட்ச்: டேங்க் வழிஞ்ச அனுபவம்

மக்கா, இது வள்ளியூர் பக்கம் எங்க வீட்டுல நடந்தது. மாடி டேங்க்ல நாலு மட்டத்துக்கு நாலு ஃப்ளோட் சுவிட்ச் (தண்ணி வந்து மெதக்க வச்சா ஆன் ஆவுறது), கீழ மோட்டார் ரூம்ல மோட்டார ஆன் ஆஃப் பண்ண ஆர்டுயினோ ஊனோங்கிற சின்ன கன்ட்ரோலர் போர்டு, நடுவுல பைப்புக்குள்ள இழுத்திருந்தது ரெண்டே வயர். அதனால ஒவ்வொரு ஃப்ளோட்டோடயும் சீரியஸா ஒரு 4.7கே (4700 ஓம்) ரெசிஸ்டர் சேத்து நாலையும் பேரலலா அந்த ரெண்டு வயர்லயே கொடுத்தேன், கீழ ஒரு வயர் கிரவுண்டுக்கு, இன்னொண்ணுல 5 வோல்ட்டுக்கு ஒரு 4.7கே புல்-அப் (வோல்ட்டேஜ மேல இழுத்து வைக்கிற ரெசிஸ்டர்), அங்கேருந்து நேரா ஏ0 பின், அது 0 முதல் 5 வோல்ட்ட 0 முதல் 1023ன்னு நம்பரா படிக்கும். தண்ணி ஏற ஏற ஃப்ளோட் ஒவ்வொண்ணா ஆன் ஆவும், ரீடிங் 1023, 512, 341, 256, 205ன்னு இறங்கும். புல்-அப்புக்கு போற சப்ளையும், போர்டு அளக்கறதுக்கு ஒப்பிடுற ரெஃபரன்ஸும் ஒண்ணுங்கதால வோல்ட்டேஜ் கொஞ்சம் ஆடுனாலும் கணக்கு மாறாது. ஒரு மாசம் நல்லா ஓடுச்சு.

ஒரு நாள் விடியக்காலம் எதுத்த வீட்டு ஆச்சி வந்து கதவ தட்டுதாவ, "எய்யா, ராத்திரி பூரா உங்க டேங்க் தண்ணி கொட்டுது, எங்க முருங்க மூட்ட வந்து பாரு"ன்னு. மேல ஏறிப் பாத்தா அணில் வயர கடிச்சு துண்டாக்கிட்டு. வயர் அறுந்தாலும் 1023, டேங்க் காலியா இருந்தாலும் 1023, புரோகிராம் காலின்னு நெனச்சு விடிய விடிய மோட்டார ஓட்டியிருக்கு. சித்திரைல போர் வத்தி குடத்த தூக்கிட்டு அலைஞ்ச வீடு எங்க வீடு, அம்புட்டு தண்ணியும் மண்ணுல போனது இன்னும் மனசு ஆறல.

பொறவு டேங்க் பக்கத்துலயே, சுவிட்ச் எதுவும் இல்லாம, வயர் ரெண்டுக்கும் குறுக்க ஒரு 10கே போட்டேன். திருட்டு அலாரத்துல கடைசி முனைல ரெசிஸ்டர் போடுவாங்கல்லா, அதே வேலைதான். இப்ப காலின்னா 696, அடுத்து 414, 295, 229, 187. 1023 பக்கம் போனா வயர் அறுந்திருக்கு, 0 பக்கம் வந்தா ஷார்ட், ரெண்டுக்கும் மோட்டார் ஆஃப், பஸ்ஸர் கத்தும். அந்த 10கேவ கீழ போர்டுல வச்சா வயர் அறுந்தது தெரியவே தெரியாது, மாடிலதான் வைக்கணும். கடைசி ரெண்டு மட்டத்துக்கும் இடையில 42தான் இருக்கு, மோட்டார் ஸ்டார்ட் ஆவும்போது ரீடிங் துள்ளும், அதனால ஏ0க்கும் கிரவுண்டுக்கும் ஒரு 104 (0.1 மைக்ரோஃபாரட்) கெபாசிட்டர், 16 தடவ படிச்சு சராசரி.

---

அண்ணாச்சி, எனக்கும் ஏ0ல ஒரு பாடு. பாளையங்கோட்டைல ஒரு பெல் டைமருக்கு எல்சிடி கீபேட் ஷீல்டு (ஆர்டுயினோ மேல சொருகுற டிஸ்ப்ளே, பட்டன் போர்டு) போட்டேன், அஞ்சு பட்டனும் ஒரே பின், கணக்குப்படி ரைட் 0, அப் 145, டவுன் 329, லெஃப்ட் 505, செலக்ட் 741, எதையும் அமுக்கலன்னா 1023. லெஃப்ட் பட்டன அமுக்குனா சில நேரம் செலக்ட்டுக்கு போயிரும். பட்டன் முழுசா ஒட்டுமுன்ன, விடும்போது, ரீடிங் நடுவழில கெடக்குது. இப்ப 20 மில்லிசெகண்ட் விட்டு ரெண்டு தடவ படிச்சு ஒத்துப்போனாத்தான் எடுக்கேன், அதோட அந்த தொல்ல நின்னுட்டு.